குண்டு பல்பு

கார் கொட்டகை மூலையில் நின்ற ஓடாத ஃபிரிட்ஜைத் திறந்து, உள்ளிருந்த கண்ணாடிக் குடுவையின் வயிற்றில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள் இர்யா. ஜில்லென்றிருந்தது. பத்தொன்பது லிட்டர் பீர். ஈஸ்ட் போட்டுப் பன்னிரண்டு நாளாகிறது. முதல் மூன்று நாள் நுரைத்துத் தள்ளிவிட்டு, பாதிச் சர்க்கரையைத் தின்றதோடு சுருண்டு படுத்துவிட்டது. பெல்ஜிய வயல்காட்டுக் கோடையில் வளர்ந்த ஈஸ்ட் அது. முப்பது டிகிரிக்குக் கீழே ஒரு வேலையும் செய்யாது. வெளியே தண்டர் பே நகரத்தின் பிப்ரவரி, மைனஸ் இருபத்திரண்டு.

போன மாதம் பீர் சங்கக் கூட்டத்தில் பதினான்கு ஆண்களுக்கு முன்னால் தலைவர் மர்ரே சொன்னார், "நம்ம ஊரு குளிருக்கு அந்த ஈஸ்டெல்லாம் சரிப்படாது இர்யா. பேசாம குளிர்லயே புளிக்கிற லாகர் பீர் போடு." எல்லோரும் சிரித்தார்கள். அவள் கணவன் டோய்வோவும் சேர்ந்து சிரித்ததுதான் அவளுக்குத் தாங்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் அவனிடம் பந்தயம் கட்டினாள். "ஏப்ரல் கூட்டத்துக்கு இந்த பீர் வரலைன்னா ஃபிரிட்ஜத் தூக்கிப் போட்டுடறேன். அந்த மூலையில உன் பனிவண்டிய நிறுத்திக்க." எட்டு வருடமாக அந்த மூலைமேல் கண் வைத்திருந்தவன் மறுநாளே சீட்டியடித்துக்கொண்டு டேப்பால் அளந்தான்.

இன்று காலை மர்ரே போன் செய்திருந்தார். "வேற ஈஸ்ட் ஒரு பாக்கெட் கொட்டி முடிச்சிரு. யாருக்குத் தெரியப் போவுது?"

"எனக்குத் தெரியும்ல" என்று வைத்துவிட்டாள்.

ஃபிரிட்ஜுக்குள் சூட்டுக்காக ஒரு பெயின்ட் டப்பாவில் குண்டு பல்பு பொருத்தியிருந்தாள். வெளிச்சம் பட்டால் பீர் நாறிவிடும் என்பதால் மூடி போட்ட டப்பா. மூடியைத் திறந்தாள். வெளிச்சத்தில் கண் கூசியது. பல்பைத் தொட்டாள். சுடவே இல்லை. எல்.இ.டி.

சமையலறையில் டோய்வோ சூப் குடித்துக்கொண்டிருந்தான்.

"டப்பாக்குள்ள இருந்த பல்ப நீயா மாத்துன?"

"வீடு பூரா மாத்துனேன். இருபத்திமூணு. கரண்ட் மிச்சம்."

"மூடுன டப்பாக்குள்ள எவனாவது வெளிச்சத்துக்கு பல்பு போடுவானா?"

"நான் என்னத்தக் கண்டேன்? பல்பு இருந்துது, மாத்துனேன். பழசெல்லாம் குப்பைக்குப் போயாச்சு. கடையிலயும் இப்ப விக்கிறதில்ல." சூப்பை ஒரு வாய் உறிஞ்சிவிட்டுச் சொன்னான், "ஆனா பந்தயம் பந்தயந்தான்."

அவன் பொய் சொல்லவில்லை. அதுதான் அவளுக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது. வேண்டுமென்றே கெடுத்திருந்தால்கூட, அந்த பல்பு எதற்கு என்று தெரிந்து வைத்திருக்கிறான் என்றாவது ஆகியிருக்கும். எட்டு வருடமாக அவள் வடித்த பீரையெல்லாம் குடித்து ஏப்பம் விட்டவன், அதை எப்படிச் செய்கிறாள் என்று ஒருநாளும் கேட்டதில்லை.

திரும்பிப் போய்க் குடுவையைப் பட்டையில் கட்டி நெஞ்சோடு அணைத்துத் தூக்கினாள். இருபது கிலோவுக்கு மேல் கனம். அவன் கரண்டியைக் கீழே வைத்து எழுந்தான். "தள்ளு" என்றாள். கூடத்தில் அவனுடைய சாய்வு நாற்காலி, இடுப்பு வலிக்காக மகள் வாங்கித் தந்தது, சுவிட்சைப் போட்டால் முதுகுக்கும் உட்காரும் இடத்துக்கும் சூடு கொடுக்கும். அதில் குடுவையை உட்கார வைத்து, அவனுடைய கறுப்புக் கம்பளிச் சட்டையை மாட்டி, போர்வையைச் சுற்றி, சுவிட்சைப் போட்டாள்.

"ஏய், அது என் நாற்காலி."

"ஏப்ரல் வரைக்கும் இல்ல."

"என் இடுப்பு?"

"எந்திரிச்சு நட. சரியாப் போவும்."

மறுநாள் சாயங்காலம் சூடு முப்பத்தொன்றைத் தொட்டது. டோய்வோ சமையலறை முக்காலியைக் கொண்டுவந்து போட்டு ஹாக்கி பார்த்தான். பீர் அசையவில்லை. ஆட்டத்தின் நடுவில் நாற்காலியைப் பார்த்தபடி கேட்டான், "அதுக்கு ஏன் இவ்வளவு சூடு வேணும்?"

"ஆட்டத்தப் பாரு" என்றாள் இர்யா.

ஈஸ்ட் விடும் வாயு வெளியேறுவதற்காகக் குடுவையின் வாயில் செருகிய வளைந்த குழாயில் கொஞ்சம் தண்ணீர் இருந்தது. அது ஒரு பக்கமாக, அரை விரல் உயரம், மெல்ல ஏறிக்கொண்டிருந்தது. டோய்வோ டிவியின் சத்தத்தைக் குறைத்தான்.