முறைப்பான்

ப்ளக்கைப் பிடுங்கியது கொழுந்தன். கூடத்தில் இருந்த ப்ளக் பாயிண்ட் அந்த ஒன்றுதான். ஐஸ் பெட்டி உறுமிக்கொண்டு ஓடத் தொடங்கியதும், மூன்று வருடமாக ஓயாத குமிழிச் சத்தம் மீன்தொட்டியில் நின்றுபோனது.

அவள் நிமிர்ந்தாள். பெட்டிக்குள் கணவர். அவர் தலைமாட்டில் தொட்டி. அதற்குள் பாறைமேல், வாடகை கேட்க வந்தவன் மாதிரி உட்கார்ந்திருந்தது அந்த விரல்நீள மீன். ப்ளென்னியாம். கடல் மீன். அவர் வைத்த பெயர் முறைப்பான்.

"என்ன தம்பி பண்ணீங்க?"

"அண்ணனுக்குப் போகத்தானே அண்ணி மீனுக்கு? எக்ஸ்டென்ஷன் போர்டு வாங்க ஆள் அனுப்பிருக்கேன். கடை பத்து மணிக்குத்தான் தெறப்பானாம். அதுவரைக்கும் மூச்சைப் பிடிச்சுக்கட்டும்."

யாரோ சிரிப்பை இருமலாக்கினார்கள். அப்போது மணி ஏழரை.

செத்தால் சாகட்டும் என்றுதான் நினைத்தாள். ஞாயிறு தவறாமல் வாளியில் உப்பு கலக்கும் அவர் முதுகோடு எத்தனை பேசியிருப்பாள்! "ம்" என்பதே பதில். ஒருமுறை தொட்டியில் தண்ணீர் குறைந்திருந்தது. கடல் மீன்தானே என்று உப்புத்தண்ணீரை ஊற்றிவிட்டாள். "தண்ணிதான் ஆவியாகுது, உப்பு அப்படியே கெடக்கு. நல்ல தண்ணிதான் ஊத்தணும்" என்று அரைமணி நேரம் விளக்கினார். இருபத்தாறு வருடத்தில் அவர் அவளிடம் அதிகம் பேசியது அன்றுதான்.

எட்டரைக்கு வளர்ப்பு மீன்கடைக்காரன் வந்தான். கையில் மூடிபோட்ட வாளி. உடலைக் கும்பிட்டுவிட்டு அவளருகே குனிந்தான்.

"அக்கா, போன வாரம் அண்ணன் கடைக்கு வந்தாரு. நெஞ்சை அடைக்குது, எனக்கு எதாவது ஆனா முறைப்பானை நீ எடுத்துக்கோ, அவளுக்கு எதுக்குத் தொந்தரவுன்னாரு."

"உன்கிட்ட சொன்னாரா?"

"மாடி ஏறவே முடியலைன்னாரு."

போன வாரம் அவர் படிக்குப் படி நின்று ஏறியதைத்தான், "ஊர்வலமா போறீங்க?" என்று இவள் திட்டியிருந்தாள்.

பெட்டி உறுமியது.

"மீனுக்கு ஆள் பாத்து வெச்சிருக்காரு." அவள் எழுந்து பெட்டியைப் பார்த்துக் கத்தினாள். "எனக்கு ஒரு வார்த்தை? டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போக வீட்ல ஒருத்தி இருக்கான்னு தோணலையாய்யா?"

"அண்ணி, மெதுவா..."

"நீங்க சும்மா இருங்க!"

முறைப்பான் பாறையை விட்டு மேலே வந்து, நீர்மட்டத்தில் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது. மீன்கடைக்காரன் தொட்டிக்குள் கை விடப்போனான்.

"தொடாதே."

"செத்துடும்க்கா. அண்ணன் சொல்லிட்டுப் போனது..."

"அவர் சொன்னவரைக்கும் போதும். சாகாம இருக்க என்ன பண்ணணும்? அதை எங்கிட்ட சொல்லு."

அவன் கையை இழுத்துக்கொண்டான். "இந்தத் தண்ணியையே மொண்டு, உசரத்துலேர்ந்து ஊத்திட்டே இருக்கணும். காத்து கலக்கணும்."

டம்ளரை எடுத்து வந்தாள். மொண்டாள், ஊற்றினாள். துக்கம் கேட்க வந்தவர்கள் பின்னாலிருந்து அவள் தோளைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். திரும்பவில்லை. முழங்கை வழியே உப்புத்தண்ணீர் சொட்டியது.

பத்தேகாலுக்கு போர்டு வந்தது. கொழுந்தன் ப்ளக்கை மாட்டினான். தொட்டியின் அடியிலிருந்து குமிழிகள் கிளம்பின. முறைப்பான் பாறைக்கு இறங்கியது.

"அதான் ஓடுதே அண்ணி. விடுங்க."

அவள் அடுத்த டம்ளரை மொண்டாள்.