ஏகாதசிக் கண்ணீர்

மாதத்தில் இருபத்தெட்டு நாள் வாலாம்பாளை யாரும் ஏறெடுத்துப் பார்க்க மாட்டார்கள். முப்பது வயதில் தாலியை இழந்து, கிழக்கேகோட்டை அக்ரஹாரத்தில் தம்பி சேஷன் வீட்டுப் பின்கட்டு அறைக்கு வந்து சேர்ந்தவள். காலையில் அவள் தெருவில் தலைகாட்டினால், வெளியே கிளம்பின மாமிகள் உள்ளே போய் ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி கிளம்புவார்கள்.

ஏகாதசி வந்துவிட்டால் கதையே வேறு.

அன்று மாலை சேஷன் வீட்டுக் கூடத்தில் பஜனை. பச்சைத் தண்ணீர்கூடப் படாமல் வாலாம்பாள் சுவரோரம் உட்கார்ந்திருப்பாள். இரண்டாவது பாட்டுக்குள் கண்ணிலிருந்து தாரையாய் நீர் கொட்டும். கையெல்லாம் மயிர் குத்திட்டு நிற்கும். உடம்பு வெடவெடவென்று நடுங்கும். "பாத்தேளா, வாலாம்பாளுக்கு அருள் வந்துடுத்து!" என்று ஒரு குரல் எழும்பும். உடனே, காலையில் தண்ணீர் குடித்துச் சகுனம் மாற்றின அதே மாமிகள் வரிசையில் நின்று அவள் காலில் விழுவார்கள். மனுஷர்கள் அவளைத் தொடுவது மாதத்தில் அந்த இரண்டு ஏகாதசி நாள்தான்.

ஊர் அதைப் பக்தி என்றது. அது அபின் இல்லாத குறை என்று வாலாம்பாளுக்குத் தெரியும்.

எட்டு வருஷத்துக்கு முன்னால் குடலைப் பிடுங்கும் வயிற்றுவலிக்கு ஒரு வைத்தியர் கடுகளவு அபின் கொடுத்தார். வலி போயிற்று, அபின் போகவில்லை. கடுகு மிளகாயிற்று, மிளகு கடலையாயிற்று. ஏகாதசியன்று வாயில் எதுவும் போடக் கூடாது என்பதால் அபினும் கிடையாது. பொழுது சாயும்போது உடம்பு அதைக் கேட்டு அழும். மறுநாள் விடிந்ததும் ஆரியசாலைக் கடைத்தெருவிலிருந்து கீரைக்காரி உலகம்மை கொல்லைப்புறமாய் வருவாள், துவாதசிப் பாரணைக்கு அகத்திக்கீரை கொண்டு. கீரைக்கட்டின் நடுவில் ஒரு சின்னப் பொட்டலம் இருக்கும். ஊரெல்லாம் நெல்லிக்காயும் அகத்தியுமாய் விரதத்தை முடிக்க, வாலாம்பாள் அந்தப் பொட்டலத்தால் முடிப்பாள்.

ஏமாற்ற வேண்டும் என்று அவள் நினைத்தவள் இல்லை. முதல் தடவை நடுங்கியபோது பயந்துதான் போனாள். யாரோ பக்தி என்றார்கள், இவள் வாயை மூடிக்கொண்டாள். அவ்வளவுதான் குற்றம். ஆனால் போன ஆவணி ஏகாதசியில் ஒரு பெண் ஜுரத்தில் கொதிக்கும் குழந்தையை அவள் மடியில் கிடத்தி, "உங்க கண்ணீர் ஒரு சொட்டு இது நெத்தியில விழட்டும்" என்றபோது, வாலாம்பாளுக்கு உயிரே போய்விட்டது.

மறுநாள், கண் மங்குகிறது என்று தம்பி பெண்டாட்டி சீதாலக்ஷ்மியிடம் பொய் சொல்லிவிட்டு, தம்பானூரில் புது ரயில் ஸ்டேஷனுக்குப் பின்னால் இருந்த டாக்டர் ரத்னாபாயிடம் போய் எல்லாவற்றையும் கொட்டினாள். நாகர்கோவில்காரி அந்த டாக்டர், முகம் சுளிக்கவில்லை.

"இது ஒங்க புத்திக்கோளாறு இல்லேம்மா. மூளையும் நரம்பும் அபினைத் தாங்கிப் பிடிச்சே நிக்கப் பழகிட்டு. வெடுக்குன்னு எடுத்தா தள்ளாடத்தான் செய்யும். அந்தக் கண்ணீரும் நடுக்கமும் அதுதான். அபினையே அளந்து மாத்திரையாத் தாரேன், கொஞ்சங் கொஞ்சமா கொறைப்போம். ஆனா ஏகாதசின்னாலும் மாத்திரையை முழுங்கணும், கேட்டேளா?"

"அப்புறம்?"

"அப்புறம் பழைய அளவைத் தொட்டுராதீங்கோ. விட்ட ஒடம்பு அதைத் தாங்காது. மூச்சு நின்னுரும்."

ஆறு வாரம். மாத்திரை சிறுத்துக்கொண்டே வந்தது. தூக்கம் போயிற்று, கால் தன்பாட்டுக்கு உதைத்துக்கொண்டது, புடவைத் தலைப்பைக் கடித்துக் கடித்து நார் நாராக்கினாள். நடுவே வந்த ஏகாதசிகளில் ஜுரம் என்று சொல்லி அறையிலேயே படுத்தாள். "வாலாம்பாள் இல்லாம பஜனையே சோபிக்கலை" என்று வாசற்படியில் நின்று சொன்னார்கள். அது காதுக்குத் தேனாய் இருந்தது, அதற்காகவே தன்மேல் எரிச்சலும் வந்தது.

மாத்திரையே இல்லாத முதல் ஏகாதசி வந்தது. கூடம் கொள்ளாத கூட்டம். ஒரு பாட்டு முடிந்தது, ஐந்து முடிந்தது. வாலாம்பாளுக்குப் பசித்தது. எட்டு வருஷத்தில் முதல் முறையாய், வெறும் யோக்கியமான பசி. எல்லார் கண்ணும் தன்மேல் இருப்பது தெரிந்தது. அழுதுதான் பார்ப்போமே என்று செத்துப்போன புருஷனை நினைத்துப் பார்த்தாள். முகம் ஞாபகத்துக்கு வரவில்லை.

"மனசுல என்னமோ களங்கம் தட்டிடுத்தாக்கும்" என்று யாரோ முணுமுணுத்தார்கள். மங்களம் பாடினதும் கூட்டம் கலைந்தது. குழந்தையைக் கிடத்தினவள்கூட, தேறி நின்ற குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு, இந்தப் பக்கம் திரும்பாமல் போனாள்.

சீதாலக்ஷ்மி விளக்கைத் தணித்தபடி கேட்டாள். "இன்னிக்கு என்னவாக்கும் அக்கா? எல்லாரும் ஒரு மாதிரி பேசிண்டு போனா."

"நேக்கு உடம்பு சரியாயிடுத்து, சீதா."

அவளுக்கு அது விளங்கவில்லை.

விடிந்ததும் உலகம்மை வந்தாள். ஆறு வாரத்துக்கு முன்பே பொட்டலம் வேண்டாம் என்று சொல்லியாயிற்று. இருந்தும் கட்டைப் பிரித்தால் நடுவில் அது இருந்தது.

"தெருவே பேசுதும்மா, ஒங்க அருளு போயிட்டுன்னு. எனக்கு மனசு கேக்கல. காசு ஒண்ணும் தராண்டாம், வச்சுக்கிடுங்கோ."

வாலாம்பாள் அதைக் கையில் வைத்துக்கொண்டிருந்தாள். அந்தக் கசப்பு வாசனைக்கு வாய் ஊறிற்று. பழைய அளவு உயிரைக் கொல்லும், தெரியும். கடுகளவு கொல்லாது. கடுகளவிலிருந்து தொடங்கினால் இரண்டு மூன்று ஏகாதசிக்குள் மறுபடி கண்ணீர் வரும், கூடம் நிறையும், காலில் கைகள் படும். வேண்டாம் என்று சொன்னால் மாதம் முப்பது நாளும் இந்தப் பின்கட்டுதான்.

பொட்டலத்தை உலகம்மையின் கூடைக்குள் போட்டாள்.

"கீரை மட்டும் போறும். நீ செத்த நாழி உக்காந்துட்டுப் போயேன்."

"இன்னும் ஏழு வீடு கெடக்கேம்மா. துவாதசில்லா?" என்று உலகம்மை கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு போய்விட்டாள்.

வாலாம்பாள் கீரையை ஆய உட்கார்ந்தாள். நாலு கொத்து உருவுவதற்குள் கண்ணீர் வந்துவிட்டது. நடுக்கம் இல்லை, புல்லரிப்பு இல்லை, கண்ணீர் மட்டும் கொட்டு கொட்டென்று கொட்டியது. அவளையறியாமல் தலையைத் தூக்கி, யாராவது பார்க்கிறார்களா என்று பார்த்தாள். கொல்லையில் யாரும் இல்லை. தோளில் முகத்தைத் துடைத்துக்கொண்டு அடுத்த கொத்தை எடுத்தாள்.