மயிலின் கழுத்தில் வியர்வை

மேலப்பாளையத்தில் அஸீலா ஒட்டிய மயிலின் கழுத்து, சவூதியில் உள்ள தம்மாமில் வெயில் ஏறும்போதெல்லாம் வியர்த்தது. மயில் முழுக்க வியர்க்கவில்லை. கழுத்தில் இருந்த ஒரே ஒரு கோப்பைச் சில்லு மட்டும். துடைத்தால் மறுபடி அரும்பும். கொத்தனார் வந்து பார்த்தார், அதைச் சாத்தி வைத்திருந்த சுவரில் ஓதம் இல்லை என்றார், சாயா குடித்துவிட்டுப் போனார்.

அஸீலா வீட்டில் உடைந்தது எதையும் குப்பைக்கு விடமாட்டாள். ஜோடி தொலைந்த ஜிமிக்கி, அறுந்த பாசிமணி, வளையல் துண்டு, சட்டைப் பொத்தான், ரசம் போன கண்ணாடி, எல்லாவற்றையும் பழைய பலகை, தட்டு, பூச்சாடி என்று கிடைத்ததன் மேல் ஒட்டி, இடுக்கில் வெள்ளைச் சிமெண்டைப் பூசித் துடைத்தால் கடைச்சாமான் தோற்றுப்போகும். ஒட்டுவதற்கு முன் துண்டுகளைச் சோப்பு நீரில் அலசிக் காயவைக்க வேண்டும், கைபட்ட பிசுக்கு போகாவிட்டால் பசை பிடிக்காது. இது அவளுக்கு நன்றாகவே தெரியும். இருந்தும் பழைய அலமாரிக் கதவில் மயில் ஒட்டியபோது, புருஷன் ஹசன் அலி ஊரில் இருந்தவரை சாயா குடித்த கோப்பையின் சில்லை மட்டும் அவள் கழுவவில்லை. அவன் வாய் பட்டதை எப்படிக் கழுவுவாள்? அவளைக் குற்றம் சொல்லிப் பிரயோசனமில்லை. பசையும் பிடித்தது, இரும்பாய்ப் பிடித்தது.

ஹசன் அலி தம்மாமில் ஏசி ஆபீசில் உட்கார்ந்து வேலை பார்ப்பதாகத்தான் சொல்லியிருந்தான். சில்லோ காலையில் நனையத் தொடங்கி சாயங்காலம் வரை சொட்டியது, அங்கே லீவு நாளான வெள்ளிக்கிழமை மட்டும் காய்ந்து கிடந்தது. பக்கத்து வீட்டில் இருந்த ஹசனின் அக்கா ஷரீபா பீவி விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள். "உப்பு கரிக்குது. ஏசி ரூமுல எவனுக்கு இப்படி வேர்க்கும்?" என்றாள். அன்றைக்கு அஸீலா போனில் அழுதாள். "ரோடு போடுத வேலையாங்க? நெசத்தைச் சொல்லுங்க. வந்துருங்க, கஞ்சியோ கூழோ இங்கன குடிப்போம்." அவன் சிரித்து, "நான் நல்லாத்தான் இருக்கேன், நீ கண்டதையும் நெனைக்காத" என்று பேச்சை மாற்றினான். சபர் என்று கடல் கடந்து பிழைக்கப் போனவர்களுக்கு இந்த ஒரு வாக்கியம் மனப்பாடம். அவன் பாஸ்போர்ட்டை முதலாளி வாங்கி வைத்துக்கொண்டது பிறகுதான் தெரிந்தது.

வேறு வழி இல்லாமல் அஸீலா ஓலை விசிறியை எடுத்துச் சில்லுக்கு வீசினாள். மறுநாள் ஹசன் அலி தானாகவே சொன்னான், "நேத்து மத்தியானம் எங்கேர்ந்தோ ஒரு காத்து வந்துச்சு பாரு, நம்ம ஆத்துக் காத்து மாதிரி." அவ்வளவுதான், தெருவெல்லாம் தெரிந்துவிட்டது. மாரித்தாய், திருப்பூர்ச் சாயப்பட்டறைக்குப் போன மகன் சுடலைக்கண்ணுவின் சட்டைப் பொத்தானைக் கழுவாமல் கொண்டுவந்தாள். அவள் பின்னாலேயே இன்னும் பலர் வந்தார்கள், மயிலுக்குத் தோகை நீண்டது. கரண்டு பில் எகிறுகிறது என்று முனகிக்கொண்டே ஷரீபா தன் வீட்டு மின்விசிறியைக் கொண்டுவந்து அதன் பக்கம் திருப்பி வைத்தாள். ஆனால் காற்றைத்தான் அனுப்ப முடிந்தது. ஒரு வாய்த் தண்ணீர் கொடுக்க முடியவில்லை; சில்லில் ஊற்றிய தண்ணீர் தரையில்தான் வழிந்தது.

ஆனி மாசத்தில் கூட வேலை பார்த்தவன் போன் செய்தான். ஹசன் அலி வெயிலில் மயங்கி விழுந்தவன் எழுந்திருக்கவில்லை, அங்கேயே அடக்கமும் முடிந்தது. மண் மேட்டைப் போனில் காட்டினார்கள். பெண்கள் கூடினார்கள். புருஷனை இழந்தவள் மாதக்கணக்கில் வீட்டோடு இத்தா இருக்க வேண்டும், கல்யாணத்தில் கட்டிய கருகமணியைக் கழற்ற வேண்டும். ஷரீபா அழுதுகொண்டே அவள் கழுத்தில் கை வைத்தாள். அஸீலா மயிலைக் காட்டினாள்.

"வேர்க்குதே மதினி. மௌத்தான மனுசருக்கு வேர்க்குமா?"

பள்ளிவாசல் ஹஜ்ரத்தை அழைத்து, கதவை முன்னறைக்குத் தூக்கிப் போனார்கள். அவர் கைக்குட்டையால் ஒற்றிப் பார்த்தார், நனைந்தது. "அடக்கம் ஆயாச்சு. இத்தா நாளை எண்ணத்தான் வேணும்மா" என்று திரைக்கு அந்தப் பக்கமிருந்து சொன்னார். சொல்லிவிட்டு உடனே கிளம்பாமல் கொஞ்ச நேரம் அவரும் விசிறினார்.

கருகமணி கழன்றது. இத்தா தொடங்கி முடிந்தும் போனது. சில்லு காயவில்லை. இப்போது வெள்ளிக்கிழமையும் வியர்த்தது, ராத்திரியும் வியர்த்தது. உளி வைத்துப் பெயர்க்கப் பார்த்தாள், உளிதான் மழுங்கியது. ஒரு நாள் விசிறியை வீசியெறிந்து அவள் கத்தியது தெருக்கோடி வரை கேட்டது. "செத்த பெறவும் அவியள வேலை வாங்குதானுவளே, பாவிப்பயலுவ! ஏங்க, போதுங்க. மம்பட்டியைக் கீழ போடுங்க. இனி யாருக்குச் சம்பாதிக்கிய?"

சில்லு அது பாட்டுக்குச் சொட்டியது. மாரித்தாய் விசிறியை எடுத்து வீசத் தொடங்கினாள். அஸீலாவுக்குக் கை ஓயும்போது இன்றும் தெருவில் யாராவது வந்து வீசுகிறார்கள். தரை வழுக்காமல் இருக்க அடியில் ஒரு கிண்ணம் வைத்திருக்கிறார்கள். நிறைந்தால் செடிக்கு ஊற்ற முடியாது, உப்பு. சாக்கடையில் கொட்டவும் மனசு வராது. பாளையங்கால்வாய் வரை நடந்துபோய் ஊற்றிவிட்டு வருகிறார்கள்.