சந்தேகம் கேட்டால் பெய்யும் மழை

நெல்லிமரத்தூர் பள்ளிக்கூடத்து டேப்லெட்டிலிருந்து முதல் மழை பெய்தது 2022 ஆடி மாதம், ஒரு புதன்கிழமை. ஜவ்வாது மலையை அந்த வருஷம் வானம் கைவிட்டிருந்தது. புதன்தோறும் விஜயராஜ் சார், கென்யாவில் கிசுமு என்ற ஊர்ப் பள்ளியோடு டேப்லெட் வழியாகச் சேர்ந்து பாடம் நடத்துவார். அன்று அங்கே தகரக் கூரையில் நல்ல மழை. எட்டாம் வகுப்பு ரம்யா, அதுவரை வகுப்பில் வாயே திறக்காதவள், எழுந்து, "மழ பேஞ்சா உங்களுக்கு லீவு வுடுவாங்களா?" என்று கேட்டாள். சார் அதை ஆங்கிலத்தில் சொல்லி முடிப்பதற்குள் திரையிலிருந்து மழை கிளம்பி வகுப்பையே நனைத்தது. டேப்லெட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. லீவெல்லாம் கிடையாது என்று அந்தப் பக்கமிருந்து அச்சியெங் என்ற பெண் பதில் சொன்னாள்.

ரம்யாவின் அப்பா சின்னராசுவின் சாமைக் கொல்லை வாடிக் கிடந்தது. சாமை போனால் குடும்பத்தோடு கர்நாடகத்துக் காப்பித் தோட்டத்துக்குக் கிளம்ப வேண்டியதுதான். ரம்யாவின் படிப்பு அதோடு சரி. அவர் சாரிடம் கெஞ்சிக் கூத்தாடி அடுத்த வகுப்பைக் கொல்லைக்கே வரவழைத்தார். பன்றி விரட்டும் பரண்மேல் டேப்லெட்டை ஏற்றி, பொட்டு வைத்து, தேங்காய் உடைத்து, கற்பூரம் காட்டினார். பாடம் நடந்தது, மழை வரவில்லை. மழையைக் கொண்டுவருவது டேப்லெட் என்று நினைத்து, மகளைக் களை பிடுங்க அனுப்பியிருந்தார் மனிதர். அவள் மண் கையோடு ஓடிவந்து, "உங்க ஊர்ல பன்னி வந்து கொல்லைய மேயுமா?" என்று கேட்ட பிறகுதான் கொட்டியது. பன்றி இல்லை, நீர்யானை மேயும் என்றாள் அச்சியெங்.

அதன்பின் புதன் வகுப்பு கொல்லைகளிலேயே நடந்தது, ஊரே ரம்யாவுக்குக் கேள்வி சேர்த்துக் கொடுத்தது. அங்கே களிக்கு என்ன தொட்டுக்கொள்வார்கள், மாமியார்கள் எப்படி என்று வாராவாரம் கேட்டாள், வாராவாரம் பெய்தது. பதில் தெரிந்துகொண்டே கேட்டால் மட்டும் ஒரு சொட்டு விழாது.

கதிர் பிடிக்கும் சமயத்தில் ரம்யா காய்ச்சலில் படுத்துவிட்டாள். மற்ற பிள்ளைகள் பழைய கேள்விகளையே திரும்பக் கேட்டார்கள், தூறல்கூட இல்லை. பள்ளிக்கூடத்தில் மழைக்குக்கூட ஒதுங்காத சின்னராசு, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு திரைக்கு முன்னால் வந்து நின்றார்.

"எம் பொண்ணு பெரிய படிப்பு படிக்க வெளியூரு போச்சுன்னா, திரும்பி வூட்டுக்கு வருமாங்க?"

சார் அப்படியே மொழிபெயர்த்தார். கிசுமுவில் பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள், அந்த ஊர் டீச்சரும் விழித்தார். இங்கே மழை பொழுது சாயும்வரை விடவில்லை.

சாமை நன்றாக விளைந்தது. காப்பித் தோட்டத்துக்குக் கட்டிவைத்த மூட்டைகளைப் பிரித்தார்கள். கைமாற்று வாங்கினால் விளைந்ததும் முதல் படியைத் திருப்புவது மலை வழக்கம் என்பதால், சின்னராசு ஒரு படி சாமையைத் திரையில் கொட்டினார். அதைக் கிசுமுவில் கஞ்சி காய்ச்சிக் குடித்தார்கள். ரம்யா இப்போது போளூரில் விடுதியில் தங்கிப் பதினோராம் வகுப்பு படிக்கிறாள். அப்பா கேட்ட கேள்விக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை. அதனால் புதன்கிழமைகளில் சின்னராசு குடை எடுத்துக்கொண்டுதான் கொல்லைக்குப் போகிறார்.