பள்ளத்துக்குள் சிவப்பு

விலை இரண்டு லட்சத்து நாற்பதாயிரம் குரோனர். மாய்வோர் ஹால்ஸ்டென் முப்பத்தொரு வருடம் தோளில் மாட்டி, மேற்கு ஸ்வீடனின் நடனக் கொட்டகைகளையெல்லாம் ஆட்டிவைத்த பேஸ் கிட்டாருக்கு, புகைப்படத்தை மட்டும் பார்த்து, பழைய வாத்தியக் கடைக்காரன் ஸ்டெல்லான் சொன்ன விலை அது. ஹால்டனில் இருக்கும் நார்வேக்காரப் பல் மருத்துவர் மறுபேச்சில்லாமல் நாற்பதாயிரம் முன்பணம் அனுப்பிவிட்டார். அந்தப் பணம் ஸ்டெல்லானின் கணக்கில் ஒரு நாள்கூடத் தங்காமல் கடை வாடகை பாக்கிக்குப் போய்ச் சேர்ந்தது.

மருத்துவர் இரண்டு மணிக்கு வருகிறார். இப்போது மணி ஒன்று. கிட்டார் இன்றுதான் முதன்முதலாக ஸ்டெல்லானின் மேசைக்கு வந்திருக்கிறது.

பூரோஸ் பக்கத்தில் துணி மூட்டையைச் சுமந்து ஊர் ஊராக விற்ற வம்சம் அவனுடையது. பிறந்த பிள்ளையைக் கையில் கொடுத்தால்கூட முதலில் எடை போட்டுப் பார்க்கிற ஆட்கள். தேய்மானத்தைப் படிப்பதில் அவனை மிஞ்ச அந்த வட்டாரத்தில் ஆளில்லை. பின்புறம் இடுப்புவார்க் கொக்கி கீறிய வட்டம். முன்கை உராய்ந்த விளிம்பில் சிவப்பு கரைந்து அடியிலிருந்த மஞ்சள் தெரிந்தது. கட்டைவிரல் ஊன்றிய இடத்தில் மஞ்சளும் போய் வெறும் மரம். தலைப்பகுதியில் சிகரெட் சுட்ட தழும்பு. எல்லாம் உழைத்துத் தேய்ந்த தேய்மானம். அதற்குக் காசு குறையாது, பிரியப்பட்டு வாங்குகிறவனிடம் கூடவே வரும்.

அறுபதுகளில் தொழிற்சாலையே சில கிட்டார்களுக்கு வழக்கமான மஞ்சள் பழுப்பின் மேல் தனி நிறம் அடித்து அனுப்பியது. அப்படிப்பட்டவை அபூர்வம், இரட்டை விலை. அந்தக் கணக்கில்தான் அவன் விலை சொல்லியிருந்தான். இப்போது கைவிளக்கைச் சாய்த்துப் பிடித்தபோது கீழ் விளிம்பில் ஒரு பள்ளம் கண்ணில் பட்டது. பெயின்டுக்குப் பிறகு விழுந்த பள்ளமென்றால் ஓரம் வெடித்து மரம் தெரிய வேண்டும். இதிலோ அடிவரை வழவழவென்று சிவப்பு; பள்ளம் விழுந்த பிறகு யாரோ அடித்தது, தொழிற்சாலை அடித்ததல்ல. விளக்கை மாற்றினான், கண்ணாடியை மாற்றினான், நாற்காலியைக்கூட மாற்றி உட்கார்ந்து பார்த்தான். பள்ளம் தன் சாட்சியத்தை மாற்றவில்லை.

"என்னப்பா இப்படிக் குனியுற? பல் டாக்டர் அவரா, நீயா?" என்றாள் மாய்வோர், எதிரே உட்கார்ந்து காப்பியில் இலவங்கப்பட்டை ரொட்டியை நனைத்தபடி. வயது எழுபத்தாறு. விரல் முட்டிகள் வீங்கி, கோப்பையை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள்.

"இந்தப் பள்ளம் எப்ப விழுந்தது?"

"எழுபத்திரண்டு. ரோட்டுல காட்டுமான் நின்னுச்சு, எங்க பாட்டுக்குழு பஸ்ஸுல பிரேக் போட்டாங்க. மான் பொழச்சுக்கிச்சு, இதுக்குத்தான் அடி."

"சிவப்பு?"

"அது ரெண்டு வருஷம் கழிச்சு. குழுவுக்குச் சிவப்புக் கோட்டு தெச்சோம். கோட்டு ஒரு நிறம், வாத்தியம் ஒரு நிறம்னா அன்னிக்கு எவன் ஆட்டத்துக்குக் கூப்பிடுவான்? என் வீட்டுக்காரர் சூனே, இதைக் கராஜ்ல தொங்கவிட்டு வால்வோ கார் பெயின்ட அடிச்சாரு. மிச்சத்தை மைக் கம்பத்துக்கும் பூசினாரு. அடுத்த வருஷமே கோட்டு பச்சையாயிடுச்சு. நல்லவேளை, அப்ப பெயின்ட் வாங்கக் காசில்ல."

அவள் சிரித்தாள். ஸ்டெல்லானுக்குச் சிரிப்பு வரவில்லை. எழுந்து ஜன்னல்வரை போனான், வந்தான்.

"மாய்வோர், இதை டாக்டர்கிட்ட சொல்லிடாதீங்க."

"ஏன்?"

"சொன்னா தொண்ணூறாயிரம்தான் தேறும்."

கோப்பை மேசைக்கு இறங்கியது. "என் பங்கு ரெண்டு லட்சத்துக்கு மேலன்னியே? வீட்டுக் கூரை மாத்துறவன் திங்கக்கிழமை வரான், ஸ்டெல்லான்."

"அதனாலதான் சொல்றேன்."

"அவரு கேட்டா?"

"கேக்க மாட்டாரு."

பல் மருத்துவர் எய்வின் ஸ்கோரே பத்து நிமிடம் முன்னதாகவே வந்தார். குளிருக்குச் சிவந்த மூக்கு, மடித்துத் தைத்த கையுறை. கிட்டாரைத் தூக்கி, குழந்தையைப்போல மடியில் வைத்துக்கொண்டார். ஸ்டெல்லான் ரசீதுப் புத்தகத்தைத் திறந்தான், மூடினான். மருத்துவர் அவனைக் கேட்கவில்லை. நேராக மாய்வோரைப் பார்த்தார்.

"அம்மா, இந்தச் சிவப்பு தொழிற்சாலையிலேயே அடிச்சதுதானே?"

மாய்வோர் தன் வீங்கிய விரல்களைப் பார்த்தாள். கன்னம் கிட்டாரைவிடச் சிவந்தது.

"ஆமா. வாங்கும்போதே இப்படித்தான்."

அவ்வளவுதான். காட்டுமான் போயிற்று, கராஜில் புகைமூட்டத்துக்குள் நின்ற சூனே போனார், சிவப்புக் கோட்டுகளும் போயின. வியாபாரத்தில் ஸ்டெல்லான் எத்தனையோ பொய் சொல்லியிருக்கிறான். எல்லாம் அவன் வாயால் சொன்னவை. இன்னொருத்தர் வாயை வாடகைக்கு எடுத்தது இதுதான் முதல் தடவை. அதிலும் அந்த வாய்க்குப் பழக்கமே இல்லை.

"வால்வோ சிவப்பு," என்றான். "எழுபத்திநாலு. அவங்க வீட்டு கராஜ்ல அடிச்சது. தப்பு என்னோடது, டாக்டர்."

மருத்துவர் கிட்டாரை மடியிலிருந்து இறக்கி வைத்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கதவுவரை போய்த் திரும்பி வந்தார். பிறகு பேரம் தொடங்கியது. எழுபதில் ஆரம்பித்து, எண்பத்தைந்தில் முரண்டு பிடித்து, தொண்ணூறில் நின்றது. முன்பணம் போக ஐம்பதாயிரம் அனுப்பிவிட்டு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார். கைகுலுக்கவில்லை.

"முட்டாப் பயலே," என்றாள் மாய்வோர். "நான் எவ்வளவு கஷ்டப்பட்டுச் சொன்னேன் தெரியுமா?"

"தெரிஞ்சுது."

"கூரை?"

அவன் ரசீதுப் புத்தகத்தில் எழுத ஆரம்பித்தான். அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு, ஒவ்வொரு வரியாகப் பார்த்துக்கொண்டே இருந்தாள். விற்றது, தொண்ணூறாயிரம். கடைக் கழிவு, பதின்மூவாயிரத்து ஐந்நூறு. மாய்வோர் ஹால்ஸ்டெனுக்குச் சேர வேண்டியது, எழுபத்தாறாயிரத்து ஐந்நூறு. இன்று கொடுத்தது, ஐம்பதாயிரம். ஸ்டெல்லான் ருட்குவிஸ்ட் தர வேண்டிய பாக்கி, இருபத்தாறாயிரத்து ஐந்நூறு.