வௌவாலுக்கு எத்தனை எழுத்து

பழைய ரயில் சுரங்கத்தில் ஒரு வௌவால்கூட இல்லை என்று கம்ப்யூட்டர் சொன்னது. சும்மா சொல்லவில்லை, நகரசபை முத்திரை போட்ட அறிக்கையில் அச்சடித்தே சொன்னது. ஆந்தை ஒன்பது, ஆமை நான்கு, வௌவால் பூஜ்யம்.

அந்த அறிக்கையைத் தயாரிக்கும் ஸ்கிரிப்டை எழுதியவள் அரைப்புள்ளி. அவளுடைய நிஜப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. பதிவேட்டில் தேடச் சொல்லும் எஸ்.க்யூ.எல். கமாண்ட் ஒவ்வொன்றின் முடிவிலும் அரைப்புள்ளி வைத்தாயா, வைத்தாயா என்று இயற்கைப் பதிவேட்டுப் பிரிவையே பிடுங்கி எடுத்ததால் வந்த பட்டம். பிரிவு என்றால் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். இரண்டாம் மாடியில் ஓர் அறை, மூன்று மேசை, மூட வராத ஒரு ஜன்னல், அவ்வளவுதான்.

சுரங்கத்தின் இரண்டு வாயையும் கான்கிரீட் போட்டு அடைப்பதா வேண்டாமா என்பது அன்று மூன்று மணிக் கூட்டத்தில் முடிவாக இருந்தது. தொடர்ந்து மூன்று ஆண்டுகள் ஐந்நூறுக்கு மேல் வௌவால் பதிவாகியிருந்தால் சுரங்கத்தைத் தொடக் கூடாது என்பது விதி. பூஜ்யம் என்றால் மறுநாள் காலையிலேயே கலவை வண்டி வந்து நின்றுவிடும்.

அந்த வௌவால்களை ஆறு வருஷமாக எண்ணி வந்தது வேறு யாருமில்லை, அரைப்புள்ளியின் நாத்தனார். வாரம் ஒரு நாள் சுரங்க வாசலில் மடக்கு நாற்காலி போட்டு, பொழுது சாயும் நேரத்தில் வெளியே பறப்பவற்றை எண்ணி, போனிலேயே பதிவேட்டில் ஏற்றிவிடுவாள். வீட்டில் கிண்டலுக்குக் குறைவில்லை. அவள் சாப்பிட வரத் தாமதமானால், பிள்ளைகளெல்லாம் பத்திரமாகக் கிளம்பினார்களா என்று அண்ணன்காரன் கேட்பான். அரைப்புள்ளியும் கூடச் சேர்ந்து சிரித்தவள்தான். அதை நினைக்க இப்போது உறுத்தியது.

காலை பத்து மணிக்கு நாத்தனார் படியேறி வந்தாள். வந்தவள் எதிர் நாற்காலியில் உட்கார்ந்து, தன் கையையே பார்த்துக்கொண்டு பேசினாள்.

"பொறியாளர் போன் பண்ணினார் அண்ணி. ஆறு வருஷமா வீட்ல உக்காந்துக்கிட்டே நம்பர் போட்டீங்களாம்மான்னு கேட்டார்."

சாலைப் பணிப் பொறியாளர் வாய்க்குப் பூட்டு இல்லாதவர். சுரங்கத்தை அடைக்க வேண்டும் என்று ஒரு வருஷமாக ஒற்றைக் காலில் நிற்பவர். நாத்தனார் அழவில்லை. அழுதிருந்தாலாவது ஏதாவது சமாதானம் சொல்லலாம்.

பிரிவுத் தலைவர் நல்ல மனிதர், எதற்கும் ஒரு குறுக்கு வழி வைத்திருப்பார். பதிவேட்டில்தான் எண் இருக்கிறதே, அதை அறிக்கையில் கையால் போட்டுவிட்டால் வேலை முடிந்தது என்றார். அவள் மாட்டேன் என்றாள். இரண்டு பெண்களும் என்ன உறவு என்பது அந்தக் கட்டடத்தில் லிஃப்ட்காரருக்குக்கூடத் தெரியும். கம்ப்யூட்டர் இல்லை என்கிறது, அண்ணி இருக்கிறது என்கிறாள் என்று பொறியாளர் ஒரு வார்த்தை சொன்னால் போதும், குடும்பமே கூடிப் பொய் சொல்வதாக ஆகிவிடும். எண் ஸ்கிரிப்டின் வாயிலிருந்தே வந்தாக வேண்டும்.

ஸ்கிரிப்ட் செய்வது ஒன்றும் பிரமாதமில்லை. ஒரு டேபிளில், அதாவது அட்டவணையில், யார், எங்கே, எதை, எத்தனை பார்த்தார்கள் என்ற பதிவுகள். இன்னொன்றில் பாதுகாக்க வேண்டிய உயிரினங்களின் பட்டியல். இதிலுள்ள பெயரும் அதிலுள்ள பெயரும் பொருந்தினால் எண்ணிக்கை அறிக்கைக்குப் போகும். பட்டியல் இந்த வருஷம் புதிதாக வந்தது, எழுபத்து மூன்று பெயர்கள்.

முதலில் தேதியைச் சந்தேகப்பட்டாள். தேதி நிபந்தனையை எடுத்துவிட்டு ஓட்டினாள், பூஜ்யம். இடத்தின் பெயரை எடுத்துவிட்டாள், பூஜ்யம். பெயரின் முன்னும் பின்னும் கண்ணுக்குத் தெரியாத இடைவெளி ஒட்டிக்கொண்டிருக்குமோ என்று நறுக்கிப் பார்த்தாள். பூஜ்யம் அசையவில்லை. மணி பன்னிரண்டரை ஆகியிருந்தது.

பிறகு ஸ்கிரிப்டையே ஓரங்கட்டிவிட்டு, பதிவு டேபிளை மட்டும் பிடித்தாள். வௌவால் என்று தன் கையால் அடித்துத் தேடினாள். ஒன்றுமில்லை. திரையிலேயே ஒரு பதிவிலிருந்து அந்தச் சொல்லை நகலெடுத்து ஒட்டித் தேடினாள். முந்நூற்றுப் பன்னிரண்டு பதிவுகள் மளமளவென்று வந்து விழுந்தன.

அரைப்புள்ளி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். நகலெடுத்தால் வருகிறது, கையால் அடித்தால் வருவதில்லை. இரண்டு சொல்லையும் ஒன்றின் கீழ் ஒன்றாகப் போட்டு, எழுத்தை உள்ளங்கை அளவுக்குப் பெரிதாக்கிப் பார்த்தாள். ஒரு மயிரிழை வித்தியாசம்கூடத் தெரியவில்லை.

"வௌவாலுக்கு எத்தனை எழுத்து?" என்று நாத்தனாரைக் கேட்டாள்.

"மூணு," என்றாள் நாத்தனார், அண்ணிக்கு என்ன ஆயிற்று என்ற பார்வையோடு.

நமக்கு மூன்றுதான். கம்ப்யூட்டர் கொம்பு, கால், புள்ளி எல்லாவற்றையும் தனித்தனியாக எண்ணும், அதன் கணக்கில் ஆறு. அரைப்புள்ளி இரண்டு சொல்லின் நீளத்தையும் கேட்டு ஒரு கமாண்ட் அடித்தாள். நாத்தனாரின் வௌவால், ஆறு. பட்டியலின் வௌவால், ஏழு.

ஏழாவதாக நுழைந்த திருடன் யார் என்று ஒவ்வோர் எழுத்தாகப் பிரித்துப் போட்டாள். மூன்றாவது வரியில் வந்து நின்றது, முழுசாக ஒரு ளகரம்.

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. ஔகாரக் குறியின் பின்பாதி பார்வைக்கு ள மாதிரியே இருக்கும். டைப்ரைட்டரில் அதற்கென்று தனி விசை கிடையாது. ஒற்றைக் கொம்பு, வ, ள என்று தட்டுவார்கள், தாளில் வௌ என்று விழும், யாரும் குறை சொன்னதில்லை. தாளுக்குக் கண் மட்டும்தான் உண்டு. கம்ப்யூட்டருக்கோ அது 'வெ' என்ற எழுத்தும், பக்கத்தில் சம்பந்தமில்லாத 'ள' என்ற எழுத்தும். எழுபத்து மூன்று பெயர்களில் ஔகாரம் வருவது இந்த ஒன்றில்தான், அதனால்தான் ஆந்தையும் ஆமையும் தப்பித்துக்கொண்டன.

பட்டியலை அடித்தது யார்? டைப்ரைட்டிங்கில் முதல் வகுப்பில் தேறி, கம்ப்யூட்டரிலும் அதே விசை அமைப்பில், அதே விரல் பழக்கத்தில் அடிக்கும் அரைப்புள்ளியேதான். சிரிப்பு நின்றது.

"தப்பு என்னோடதும்மா," என்றாள். "நீ போன்ல எழுதினதுதான் சரி. ஆறு வருஷமும் சரி."

நாத்தனார் எழுந்து வந்து அவள் தோளைப் பிடித்துக்கொண்டு திரையைப் பார்த்தாள். அரைப்புள்ளி பட்டியலில் அந்த ஒரு வரியை மட்டும் மாற்றும் கமாண்டை எழுதி, மூன்று முறை வாசித்து, ஓட்டினாள். ஒரு வரி மாறியது என்று பதில் வந்தது. அறிக்கை ஸ்கிரிப்டை ஓட்டினாள். ஒரே அந்தியில் அதிகபட்சமாகப் பறந்தவை என்ற கட்டத்தில் வரிசையாக வந்தன: ஆயிரத்து இருநூற்றுப் பத்து, ஆயிரத்து முந்நூற்று எண்பத்து நான்கு, ஆயிரத்து அறுநூற்று முப்பத்தொன்று. பிரிவுத் தலைவர் மேசையைத் தட்டினார். சந்தோஷத்தில் அரைப்புள்ளியின் காது இரண்டும் சூடாகிவிட்டன.

மூன்று மணிக் கூட்டத்தில் நகரசபைத் தலைவரம்மாவும் பத்து உறுப்பினர்களும் நீள மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். அரைப்புள்ளி எழுந்து, தவறு தன்னுடையது, பதிவு செய்தவருடையது அல்ல என்று முதலிலேயே சொல்லிவிட்டு, ளகரம் நுழைந்த விதத்தை விளக்கி, புதிய அறிக்கையைக் கொடுத்தாள். பொறியாளர் அதை விரலால் ஒதுக்கினார்.

"காலைல பூஜ்யம், மத்தியானம் ஆயிரத்து அறுநூறு. நடுவுல நாத்தனார் வந்துட்டுப் போயிருக்காங்க. பார்த்தா ஒரே மாதிரி இருக்கிற எழுத்தை யாராவது வேற மாதிரி அடிப்பாங்களா? கதை நல்லா இருக்கு."

நாத்தனாரின் முகம் சுருங்கிவிட்டது. அரைப்புள்ளிக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது, ஆனால் குரல் ஏறவில்லை. மடிக்கணினியைப் பெரிய திரையோடு இணைத்து, பதிவு டேபிளைத் திறந்து, அவர் முன்னால் தள்ளினாள்.

"நான் தொடலைங்க. பேரை நீங்களே அடிங்க."

பொறியாளர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பத்து விரலையும் வைத்து டகடகவென்று அடித்தார். பெரிய திரையில் வௌவால் என்று அழகாக விழுந்தது. தேடல் பொத்தானை அழுத்தினார். பூஜ்யம்.

"பாத்தீங்களா," என்று அவர் ஆரம்பித்தார்.

அரைப்புள்ளி குனிந்து, அவர் அடித்த சொல்லின் நீளத்தைக் கேட்டு ஒரே ஒரு கமாண்ட் போட்டாள். ஏழு. எழுத்துகளைப் பிரித்துக் காட்டினாள். மூன்றாவது வரியில் ளகரம், பத்து உறுப்பினர்களும் பார்க்கும்படியாக.

"நீங்களும் டைப்ரைட்டிங் படிச்சவர்தானே?" என்று கேட்டாள்.

"ஹையர் முடிச்சிருக்கேன்," என்றார் பொறியாளர். பழக்க தோஷத்தில் பெருமையாகவே வந்துவிட்டது பதில். மேசையின் கோடியில் யாரோ சிரிக்க, அது தலைவரம்மா வரைக்கும் பரவியது. பொறியாளர் திரையையும் தன் விரல்களையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, திரையில் வரும் விசைப்பலகையில் ஔகாரக் குறியைத் தேடிப் பிடித்து, ஒற்றை விரலால் மறுபடியும் அடித்தார். முந்நூற்றுப் பன்னிரண்டு அந்திகளும் தேதி வாரியாக வந்து திரையை நிரப்பின. மழையால் எண்ணவில்லை என்று எழுதிய நாள்கள்கூட இருந்தன.

அவர் வாய்க்குப் பூட்டு இல்லை என்று சொன்னேன் அல்லவா, அதில் ஒரு நல்லதும் உண்டு. தப்பைக்கூட மென்று விழுங்க அவருக்குத் தெரியாது.

"நான் போன்ல கேட்டது தப்பும்மா," என்று எல்லார் முன்னிலையிலும் நாத்தனாரைப் பார்த்துச் சொன்னார்.

தீர்மானத்தை எழுத்தர் அங்கேயே தட்டச்சு செய்து வாசித்தார். ஆறு ஆண்டுகளாக வாரந்தோறும் நேரில் எண்ணிப் பதிவு செய்யப்பட்ட கணக்கை இந்த அவை உண்மையென ஏற்கிறது. சுரங்கம் மூடப்படாது.

"இன்னொரு தடவை படிங்களேன்," என்றாள் நாத்தனார்.

எழுத்தர் தலைவரம்மாவைப் பார்த்தார். தலைவரம்மா தலையாட்டினார். அவர் மறுபடியும் முதலிலிருந்து, இந்த முறை இன்னும் உரக்க, வாசித்தார்.