மாப்பிள்ளையிடம் எப்படிக் கேட்பது

பதினான்காயிரத்து எழுநூற்றைம்பது. தங்கையின் புருஷன் அவருக்குத் தர வேண்டிய தொகை அது. வாங்கியது பதினைந்தாயிரம். வாடகை வீட்டுக்கு அட்வான்ஸ் கட்ட வேண்டும், அடுத்த மாதமே தந்துவிடுகிறேன் என்று சொல்லி வாங்கினான். சொன்னபடி அடுத்த மாதம் வந்தான். இருநூற்றைம்பதைப் பெரிய மனுஷன் மாதிரி இரண்டு கையாலும் நீட்டினான். அதோடு சரி. இரண்டு வருஷமாக அந்தப் பேச்சே கிணற்றில் போட்ட கல்.

வேறு யாராக இருந்தாலும் நடுத்தெருவில் சட்டையைப் பிடித்திருப்பார். ஆனால் இவன் வீட்டு மாப்பிள்ளை. மனதுக்குள் "எங்கடா என் பணம்" என்று கேட்பது, வாய் வழியாக வரும்போது "வாங்க மாப்ளை, சாப்டீங்களா" என்று ஆகிவிடும். அவருடைய மனைவி தினமும் கதவைத் திறக்கும்போதே கேட்பாள்: "கேட்டீங்களா?" அவர் செருப்பைக் கழற்றுவதிலேயே கண்ணாக இருப்பார்.

கல் பதிப்பது அவர் தொழில். கட்டடத்தில் அவரை எல்லோரும் ரசமட்டம் என்றுதான் கூப்பிடுவார்கள். சுவரும் தரையும் நேராக இருக்கிறதா என்று பார்க்கிற அந்தக் குமிழிக் கோல், சாப்பிட உட்கார்ந்தாலும் அவர் தொடையோடு ஒட்டியிருக்கும்.

இரண்டு பேருக்கும் ஒரே வீட்டில் வேலை அமைந்தது. மாப்பிள்ளை, சமையலறை அலமாரி மாட்டுகிற கம்பெனியில் ஃபிட்டர். வீடு மூன்று மாடி. உள்ளேயே லிஃப்ட். சமையலறை மட்டும் இரண்டு. முன்னால் இருப்பது பார்ப்பதற்கு, பின்னால் இருப்பது சமைப்பதற்கு. பார்க்கிற சமையலறையில் இழுப்பறைகளுக்குக் கைப்பிடியே கிடையாது. தட்டினால் திறக்கும். லேசாகத் தள்ளினால் சத்தமில்லாமல் தானே போய் மூடிக்கொள்ளும். எங்க வீட்டு ஆளுங்க வாய்க்கும் இப்படி ஒண்ணு மாட்டித் தருவீங்களா என்று எலக்ட்ரீஷியன் கேட்டுவிட்டுப் போனான்.

அங்கே இரண்டு சுவர்களுக்கு நடுவே ஓர் இடைவெளி. ஓவனை உள்ளே வைத்து, தரையிலிருந்து கூரை வரை ஒரே அலமாரி அதில் நிற்க வேண்டும். கல் பதிக்கும் முன்பே மாப்பிள்ளை டேப்போடு வந்தான். கீழே, நடுவே, மேலே என்று மூன்று இடத்தில் பிடித்துப் பார்த்தான். கல்லின் கனத்தைக் கழித்து, மூன்று அளவையும் வெறும் சுவரில் பென்சிலால் எழுதினான். அந்த எழுத்தின் மேல்தான் இவர் வெள்ளைக் கல்லை ஏற்றினார். ஒவ்வொரு கல்லும் ஆள் உயரம், தூக்க நாலு பேர் வேண்டும்.

மேல் வரிசை ஏற்றிய அன்று மாப்பிள்ளை ஒரு புது டிரில் மிஷினைக் கொண்டுவந்து காட்டினான்.

"கையில புடிச்சுப் பாருங்க மச்சான். பூ மாதிரி இருக்கு."

பிடித்துப் பார்த்தார். பூ மாதிரிதான் இருந்தது. வயிறு எரிந்தது. நம் பணத்துக்கு வழி இல்லை, இதற்கு மட்டும் எங்கிருந்து வந்தது? அந்த எரிச்சலோடு கலவையை அள்ளி அப்பினார், கல்லை ஏற்றினார், தட்டினார். சுவரின் செங்குத்தைப் பார்க்கிற தூக்குக்குண்டு ஆணியிலேயே தொங்கியது. குமிழிக் கோல் கீழே கிடந்தது. அன்றைக்கு மட்டும் இரண்டும் சுவரைத் தொடவில்லை.

அலமாரி வந்து இறங்கிய நாள், நாலு பேர் சேர்ந்து தள்ளினார்கள். கீழே வழுக்கிக்கொண்டு போனது. மேலே முட்டி நின்றது. பக்கத்து அறையில் கல் இடுக்கு அடைத்துக்கொண்டிருந்த ரசமட்டத்துக்கு அந்தச் சத்தமே போதும். எல்லோரும் சாப்பிடப் போனதும் ஏணியில் ஏறித் தூக்குக்குண்டை விட்டார். அது ஆடி ஆடி நின்றது. மேலே ஒரு விரல் கனத்துக்குச் சுவர் முன்னால் வந்திருந்தது.

அந்தக் கல் கப்பலில் வந்தது. மிச்சம் ஒன்றுகூட இல்லை. இதை உடைத்தால் சுவர் முழுவதையும் உடைக்க வேண்டும். கல் விலையை அவர் கூலியில் கழித்தால் வருஷம் பூராவும் சும்மா உழைத்த கணக்குதான். அதற்கப்புறம் கான்ட்ராக்டர் கூப்பிடவும் மாட்டார். போன மாதம் ஒரு பெயிண்டரை, பிரஷ்ஷைக் கழுவக்கூட விடாமல் அனுப்பியவர் அவர்.

ரசமட்டத்துக்கு இருப்புக் கொள்ளவில்லை. உட்கார்ந்தார், எழுந்தார், துடைத்த இடுக்கையே மறுபடி துடைத்தார். தாகம் இல்லாமல் தண்ணீர் குடித்தார். மாப்பிள்ளையிடம் சொல்லிவிடலாம் என்று படி வரை போய்த் திரும்பினார். கடன் கொடுத்தவன் போய்க் கடன்காரனிடம் கெஞ்சுவதா? கெஞ்சினாலும் அவன் எதற்காகக் கேட்க வேண்டும்?

சாயங்காலம், வீட்டின் உள்வேலை முழுவதையும் மேற்பார்க்கிற டிசைனர் அம்மா வந்தாள். கோபப்படுகிறவள் அல்ல. மெதுவாகக் கேட்பாள், அதுதான் பயம்.

"பெட்டி பெருசா, சுவர் கோணலா?"

மாப்பிள்ளை ஏணியில் ஏறி, வெள்ளைக் கல்லின் மேல் உள்ளங்கையை வைத்து மேலே கொண்டுபோனான். கை ஓர் இடத்தில் நின்றது. வாசலில் நின்ற மச்சானைத் திரும்பிப் பார்த்தான். இவர் குனிந்து குமிழிக் கோலைத் துடைத்தார்.

"பெட்டிதான் மேடம்," என்றான் அவன், ஏணியில் நின்றபடியே. "அளவெடுக்கும்போது கீழ மட்டும்தான் டேப் புடிச்சேன். மேல பாக்கல. என் தப்புதான்."

அவள் நம்பினாள். நம்பாமல் இருக்க என்ன இருக்கிறது? அவன் எடுத்த மூன்று அளவும் கல்லுக்கு அடியில் கிடக்கின்றன. அதைப் பார்த்தவர் ஒருவர்தான். மூடியவரும் அவரேதான்.

அலமாரியைக் கொஞ்சம் ஒடுக்கிச் செய்துவர ஆகும் செலவு பதினாறாயிரத்து இருநூறு, ஃபிட்டர் சம்பளத்தில் பிடிப்பது என்று முடிவானது.

அதற்குப் பிறகு ரசமட்டம் அவன் கண்ணில் படவே இல்லை. அவன் மேலே வந்தால் இவர் கீழே போவார். அவன் டீ குடிக்கிற பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை. இரண்டு வருஷமாக மாப்பிள்ளை எப்படிப் பதுங்கினானோ, அச்சு அசல் அப்படியே இவர் பதுங்கினார்.

ஒடுக்கிச் செய்த அலமாரி வந்த அன்று வேறு வழியில்லை, போய்த்தான் ஆக வேண்டும். மாப்பிள்ளை தனியாக உட்கார்ந்து துளை போட்டுக்கொண்டிருந்தான். கையில் பழைய மிஷின், ஒயர் முழுக்க டேப் சுற்றியது.

"புதுசு எங்க மாப்ளை?"

"வித்தாச்சு. உங்க தங்கச்சிகிட்ட ரிப்பேருன்னு சொல்லி வச்சிருக்கேன், நீங்க வேற எதையாவது உளறிடாதீங்க."

"அன்னைக்கு ஏன் அப்படிச் சொன்னீங்க?"

அவன் அந்தத் துளையை முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தான்.

"ரெண்டு வருஷமா உங்க மூஞ்சியப் பாக்கறேன் மச்சான். ஒரு தடவ வாயத் தொறந்து கேட்டிருக்கலாம்ல? இல்லைன்னு சொல்லியிருப்பேன். ரெண்டு பேரும் நிம்மதியா இருந்திருக்கலாம்."

"மாப்பிள்ளைகிட்ட எப்படிக் கேக்கறது?"

"நான் மட்டும் மச்சான்கிட்ட எப்படிக் குடுக்கறது? இருநூத்தம்பது இருநூத்தம்பதாவா?"

இவர் சட்டைப் பையிலிருந்து மடித்த நோட்டுகளை எடுத்தார். எத்தனையோ தடவை மனதில் போட்ட கணக்கை இப்போது வாய்விட்டுச் சொன்னார்.

"உங்ககிட்ட புடிச்சது பதினாறாயிரத்து எரநூறு. எனக்கு வரவேண்டியது பதினாலாயிரத்து எழுநூத்தம்பது. மிச்சம் ஆயிரத்து நானூத்தம்பது நான்தான் தரணும்."

அவன் வேண்டாம் என்பான், பிடிவாதமாகக் கையில் திணிக்க வேண்டியிருக்கும் என்று நினைத்து அதற்கான பேச்சையும் தயார் செய்து வைத்திருந்தார். மாப்பிள்ளை கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு வாங்கினான். எண்ணினான். மறுபடியும் எண்ணிப் பைக்குள் வைத்தான்.

"சரியா இருக்கு. அந்தப் பக்கம் புடிங்க."

இரண்டு பேருமாகத் தள்ளினார்கள். கீழேயும் போனது, மேலேயும் போனது. மிஞ்சிய இடுக்கை அவன் ஒரு வெள்ளைப் பட்டை ஒட்டி மறைத்துவிட்டான்.

வீட்டுக்கு நடக்கும்போது மனசு லேசாகியிருக்க வேண்டும். ஆகவில்லை. பல் விழுந்த இடத்தை நாக்கு தேடுகிற மாதிரி, அந்தப் பதினான்காயிரத்து எழுநூற்றைம்பதை மனம் தடவித் தடவிப் பார்த்தது. இனி மாப்பிள்ளையைப் பார்த்து உள்ளுக்குள் திட்டிக்கொள்ளக்கூட அவருக்கு ஒன்றும் மிச்சமில்லை.

மனைவி கதவைத் திறந்தாள்.

"கேட்டீங்களா?"

"குடுத்துட்டேன்," என்று சொல்லிவிட்டு, செருப்பைக் கழற்றினார்.